மகுடம் யாருக்கு, கத்தி யார் கையில்? 'பொன்னியின் செல்வன்' நாவலும் படமும் பிரியும் இடங்கள்

கல்கியின் நாவலை வைத்து மணிரத்னம் இயக்கிய 'பொன்னியின் செல்வன்' படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. படம் பார்த்துவிட்டு நாவலைக் கையில் எடுத்தவர்களும், நாவலில் ஊறிப்போன பின் படத்துக்குப் போனவர்களும் ஒரே மூன்று கேள்விகளில் வந்து நிற்கிறார்கள். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? அவன் தம்பி அருள்மொழிவர்மன் (பின்னாளில் இராஜராஜன்) மகுடத்தைச் சூட்டியது யாருடைய தலையில்? கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலை எங்கே போனாள்? விடை தேடும் வேகத்தில், படம் நாவலைச் சிதைத்துவிட்டது என்று ஒரு சாராரும், படம்தான் வரலாற்றைச் சரியாகச் சொல்கிறது என்று இன்னொரு சாராரும் வாதிடுகிறார்கள். இரு தரப்பும் 'வரலாறு' என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொள்வதால் வாதம் நகராமல் நிற்கிறது.

காவிரிப் படுகையில் வாழ்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். வீராணம் ஏரிக்கரை, குடந்தை, பழையாறை, திருப்புறம்பியம், நாகப்பட்டினம், கோடிக்கரை என்று கதை நடக்கும் ஊர்கள் எல்லாம் நாம் பஸ் ஏறிப் போய்வரும் ஊர்கள். ஊர் உண்மையாக இருப்பதால் அங்கே நடந்ததாகச் சொல்லப்படுவதையும் மனம் உண்மையாக எடுத்துக்கொள்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து மேலக்கடம்பூரில், கரிகாலன் வெட்டுண்டு கிடந்த சம்புவரையர் மாளிகை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பது, சக்கரங்கள் பூட்டிய தேர் போல எழுப்பப்பட்ட அமிர்தகடேசுவரர் கோயில். இன்று நாம் பார்க்கும் அந்தக் கற்றளி (கற்கோயில்) முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கரிகாலன் இறந்து நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து எழுந்தது. சம்புவரையர் என்ற பெயரில் வரலாற்றில் நன்கு அறியப்படும் தலைவர்கள் தொண்டை மண்டலத்தில், படைவீட்டுப் பக்கத்தில், பிற்காலத்தில் விளங்கியவர்கள். அவர்களைக் கடம்பூரில் குடியேற்றி, கொலையையும் அங்கே நிகழ்த்தியது கல்கியின் கற்பனை.

மூன்று அடுக்குகள்

விவாதத்தைத் தெளிவாக நடத்த, முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. சான்று. கல்வெட்டு, செப்பேடு, காசு, சிற்பம் ஆகியவை. இவை சொல்வது மிகக் குறைவு. மனிதர்களின் மனத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை.

2. புனைவு. கல்கி 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை தம் வார இதழில் எழுதிய தொடர்கதை. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள்.

3. தழுவல். அந்தப் புனைவிலிருந்து எடுக்கப்பட்ட, இரண்டு பாகமும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் ஓடும் திரைப்படம்.

ஒரு பாத்திரம் எடுக்கும் முடிவை மதிப்பிடும்போது, அந்த முடிவு இந்த மூன்றில் எந்த அடுக்கில் பிறந்தது என்று கேட்டாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி, கோடிக்கரைப் படகுக்காரி பூங்குழலி, மணிமேகலை ஆகியோருக்குச் சான்று அடுக்கில் இடமே கிடையாது. அவர்கள் கல்கியின் படைப்புகள். அருள்மொழி, அவன் அக்காள் குந்தவை, கரிகாலன், செம்பியன் மாதேவி, அவள் மகன் உத்தம சோழன், அமைச்சர் அநிருத்தப் பிரமராயர் ஆகியோர் மூன்று அடுக்கிலும் இருக்கிறார்கள். கரிகாலனின் தூதனான வந்தியத்தேவன் நடுவில் நிற்பவன். கதையின் முதல் பக்கத்திலேயே குதிரையேறி வந்து கடைசிப் பக்கம் வரை நம்மை அழைத்துப்போகும் அவனை நமக்கு அறிமுகப்படுத்துவது, தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிக்கும் கல்வெட்டுத் தொடர். அவனுடைய துடுக்குத்தனம், பசி, காதல், பொய்கள் எல்லாம் கணவன் பெயராக வந்த அந்தச் சில சொற்களிலிருந்து கல்கி வளர்த்தெடுத்தவை.

கல்லும் செப்பும் சொல்வது

கதையின் இரு முக்கியத் திருப்பங்களுக்கும் ஆளுக்கொரு சான்று இருக்கிறது.

முதலாவது, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. இது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரச ஆணையைப் பதிவு செய்கிறது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனை'க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய தம்பிமார், மக்கள், மனைவிமார், மாமன்மார் என்று உறவு வட்டம் விரிய விரிய, அத்தனை பேரின் உடைமைகளும் ஆணைக்குள் வந்து விழுகின்றன. கோயில் சுவரில் அந்த வரிகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் எவருக்கும் அந்த உறவுப் பட்டியலின் நீளம் நெஞ்சை உறுத்தும். குற்றம் செய்தவனின் பெயரைவிட, குற்றம் செய்யாத உறவினரைக் குறிக்கும் சொற்களே அதில் அதிகம்.

வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பதே காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர். வீரநாராயண ஏரி என்பது வீராணம். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் எந்த ஏரிக்கரை மீது வருவதாகக் கல்கி தம் கதையைத் தொடங்கினாரோ, அந்த ஏரியின் ஊர்ச் சபைக்குத்தான் கரிகாலன் கொலை தொடர்பான ஆணை போயிருக்கிறது. கதையின் தொடக்கம், கதையின் கொலைக்களம், கொலைக்கான சான்று மூன்றும் கொள்ளிடத்துக்கு வடக்கே, பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிட்டன.

இந்தக் கல்வெட்டு சொல்லாதவையும் முக்கியமானவை. கொலை எந்த ஊரில் நடந்தது, எந்த நாளில் நடந்தது, ஏன் நடந்தது, பின்னால் யார் இருந்தார்கள் என்பவற்றில் ஒன்றுக்கும் அதில் விடை கிடையாது. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். 'இருமுடிச்சோழன்' என்பதோ சோழப் பெயர். கொலையாளிகள் பாண்டியனுக்காகப் பழி தீர்த்தவர்களா, சோழ அரசிலேயே பதவி வகித்தவர்களா என்ற ஐயத்துக்கு அந்த இரண்டு பட்டப்பெயர்களே இடம் தருகின்றன. கல்கி முதல் வழியைத் தேர்ந்தார். ரவிதாசன் கூட்டத்தைப் பாண்டியனின் 'ஆபத்துதவிகள்' ஆக்கினார். அரசனின் உயிரைக் காப்பதாக உறுதி பூண்டு, காக்கத் தவறினால் பழிவாங்கவோ உயிர்விடவோ கடமைப்பட்ட வீரர்களுக்கு அந்தப் பெயர். சோழர் பக்கத்தில் இதற்கு இணையானது வேளக்காரப் படை.

இரண்டாவது சான்று, முதலாம் இராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. கரிகாலன் மறைந்த பின் ஆட்சியை ஏற்கும்படி மக்கள் அருள்மொழியை வேண்டியதாகவும், தம் சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் விருப்பம் இருக்கும் வரை தாம் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவர் இருந்துவிட்டதாகவும் அதன் வடமொழிப் பகுதி சொல்கிறது. சிற்றப்பனான மதுராந்தகர் (உத்தம சோழன்) அரசேற்று, அருள்மொழியையே இளவரசராக்கினார் என்றும் அது தொடர்கிறது. இது மகன் காலத்தில் தந்தையைப் புகழ்ந்து எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும், மகுடம் கைமாறிய கதைக்கு இதுவே விதை.

வாரத் தொடர் என்னும் வடிவம்

நாவலின் பாத்திரங்கள் ஏன் அப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அது எப்படிப் படிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பழைய வீடுகளில், இதழிலிருந்து வாராவாரம் கிழித்தெடுத்து நூல் போட்டுத் தைத்த 'பொன்னியின் செல்வன்' தொகுப்புகள் பரண்களில் கிடந்தன. மணியம் வரைந்த படங்கள், அத்தியாயம் முடிந்த இடத்தில் மிச்சம் இருக்கும் துணுக்கு, பக்கத்தின் மறுபுறம் விளம்பரம் என்று அந்தத் தொகுப்பைப் புரட்டினால் கதையின் மூச்சு தெரியும். கதவு தட்டப்படும், தட்டியவர் யார் என்று தெரியாது. வாள் உயரும், அது யார் மேல் இறங்கியது என்று தெரியாது. அடுத்த வாரம் வரை வாசகர் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வயலுக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்தார். இப்படி மூன்றரை ஆண்டுகள்.

இந்த வடிவம் பாத்திரங்களின் முடிவுகளை இரண்டு வகையில் பாதிக்கிறது.

1. முடிவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. பாண்டிய அரசன் வீரபாண்டியனைக் கொன்ற கரிகாலனை நந்தினி பழி வாங்குவாளா, கரிகாலன் கடம்பூருக்குப் போவானா என்பவை பல மாதங்கள் நீடிக்கும் கேள்விகள். அவ்வளவு காலம் ஊசலாடும் மனிதர் இயல்பாகவே ஆழம் கொண்டவராகத் தோன்றுவார்.

2. ஒரே முடிவுக்குப் பல காரணங்களை அடுக்க முடிகிறது. குந்தவையின் தந்தையான சுந்தர சோழரே நந்தினிக்கும் தந்தையா என்ற ஐயத்தை எழுப்பி, அதை வைத்துக் குந்தவையைக் கலங்கவைத்து, பிறகு வீரபாண்டியன் பக்கம் திருப்ப நாவலுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன.

திரையரங்கில் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஒரு பாத்திரம் இரண்டு முறை ஊசலாடலாம். மூன்றாம் முறை ஊசலாடினால் பார்ப்பவர் பொறுமை இழந்துவிடுவார். ஆகவே படத்தின் நந்தினி நாவலின் நந்தினியைவிட எளிமையானவளாகத் தெரிவதற்கு முதற்காரணம் நேரக் கணக்கு. கதையாசிரியர்களின் திறனையோ மரியாதையையோ குறை சொல்வது அதற்குப் பிறகு வர வேண்டிய பேச்சு.

வாசகர் சண்டை கல்கிக்கே நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொடர் முடிந்ததும் மனநிறைவு அடையாத வாசகர்கள் கேள்விகளை அடுக்கினார்கள். அவற்றுக்கு விடையாக அவர் ஒரு முடிவுரையே எழுதி, வரலாற்றுக் கதையின் முடிவு ஏன் வேறு மாதிரி அமைகிறது என்றும் பாத்திரங்களுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்றும் விளக்கினார். அதே 1954 டிசம்பர் 5 அன்று அவர் காலமானார். மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர் அவர். வாய்க்கால், படித்துறை, பரிசல் என்று நாவலில் நீர் வரும் இடமெல்லாம் அந்தப் பிறப்பு தெரிகிறது.

மகுடம்: மூன்று விடைகள்

விவாதத்தின் மிக வளமான பகுதி இதுதான். பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

செப்பேட்டில் மகுடம், அதை விரும்பிய சிற்றப்பனுக்கே போகிறது.

நாவலில் கல்கி ஒரு பெரிய முடிச்சைப் போடுகிறார். அரண்மனையில் மதுராந்தகன் என்று வளர்ந்தவன், முந்தைய சோழ அரசர் கண்டராதித்தருக்கும் அவர் அரசி செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் அல்லன். அவன், சுந்தர சோழர் இளமையில் காதலித்த ஊமைப் பெண்ணான 'ஊமை ராணி' மந்தாகினியின் மகன். நந்தினியோடு இரட்டையாகப் பிறந்தவன். செம்பியன் மாதேவிக்குப் பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக எண்ணிப் புதைக்கக் கொடுக்கப்பட, அது உயிரோடு இருப்பதைக் கண்டு வாணி அம்மை எடுத்து வளர்க்கிறாள். தஞ்சையில் கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் சேந்தன் அமுதனே அந்தப் பிள்ளை. இறுதியில், தனக்குச் சூட்டுவதாக இருந்த மகுடத்தை அருள்மொழி எடுத்துச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். அவனே உத்தம சோழன். வளர்ந்த மதுராந்தகன் பாண்டியர் பக்கம் போய்ச் சேருகிறான்.

படத்தில் இந்த ஆள்மாற்றம் கிடையாது. ரகுமான் நடித்த மதுராந்தகனே உண்மையான மதுராந்தகன். மகுடம் அவனுக்கே கிடைக்கிறது. அசுவின் நடித்த சேந்தன் அமுதன் சிறு துணைப் பாத்திரமாக நின்றுவிடுகிறான்.

நாவல் வாசகர்களில் பலர் கொதிப்பது இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஏனென்றால் அந்த ஆள்மாற்றம் வெறும் திடுக்கிடும் திருப்பமாக வைக்கப்பட்டதன்று. ஒரே கல்லில் கல்கி மூன்று சிக்கல்களைத் தீர்த்திருந்தார்.

1. இறை பக்தியும் நேர்மையும் உருவான ஒரு தாய், தான் வளர்த்த பிள்ளை அரசாளக் கூடாது என்று ஏன் அவ்வளவு பிடிவாதமாக நிற்கிறாள்? வெளியே அவள் சொல்லும் காரணம், அவன் சிவத்தொண்டில் வாழ வேண்டும் என்ற கணவரின் விருப்பம். உள்ளே இருக்கும் காரணம், சோழர் குடியில் பிறக்காதவனை அச்சிங்காதனத்தில் ஏற்ற அவள் மனச்சான்று இடம் தரவில்லை. தான் பாலூட்டி வளர்த்தவனிடம், நீ என் வயிற்றில் பிறக்கவில்லை என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் அவள் படும் பாடு, நாவலிலேயே மிகக் கடினமான முடிவு என்று நான் கருதுகிறேன். கரிகாலனின் வெறியையும் நந்தினியின் வஞ்சத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதிப்பவர்கள் இந்தத் தாயைக் கவனிக்காமல் கடந்துபோவது பெரிய இழப்பு.

2. உத்தம சோழன் ஆண்டது சான்று உள்ள செய்தி. ஆகவே அவனை அரியணை ஏற்றியே தீர வேண்டும். ஆனால் சதிகாரச் சிற்றரசர்கள் தூக்கிப் பிடித்தவனுக்கே மகுடம் போனால், சதி வென்றதாகிவிடும். ஆளை மாற்றியதால் பெயர் வரலாற்றில் உள்ளபடி இருக்கிறது; வெற்றி சதிகாரர்களுக்குப் போகவில்லை.

3. தியாகம் வாசகருக்கு இனிக்கிறது. பெறுபவன் ஆசையற்ற நல்லவன் என்பதால், அருள்மொழி மகுடத்தைத் துறக்கும் காட்சியில் நமக்குக் கண்ணீரோடு மகிழ்ச்சியும் வருகிறது.

இந்த மூன்றாவது பயனே நாவலின் பலவீனமும் ஆகும் என்று தோன்றுகிறது. விரும்பத்தக்கவனுக்குக் கொடுப்பது எளிது. படத்தின் அருள்மொழி கொடுப்பதோ, மகுடத்துக்காகச் சதியில் சேர்ந்தவனுக்கு, அவனே சிற்றப்பன் என்ற உரிமையை மதித்து. துறவின் எடை அங்கே கூடுதல். செப்பேடு சொல்வதற்கும் அது நெருக்கமானது. ஆகவே இந்த ஓர் இடத்தில், படம் வரலாற்றைத் திரித்துவிட்டது என்ற குற்றச்சாட்டு பொருந்தாது. சான்றிலிருந்து விலகியது நாவல்; படம் விலகியது நாவலிலிருந்து.

ஆனால் விலை பெரிது. ஆள்மாற்றம் போனதும் செம்பியன் மாதேவியின் இரகசியமும் போய்விடுகிறது. கணவரின் விருப்பம் என்ற வெளிக்காரணம் மட்டுமே எஞ்சுகிறது. ஜெயசித்ரா அந்தப் பாத்திரத்தைக் கண்ணியமாகச் செய்திருந்தும், அவளுடைய மறுப்புக்குக் கீழே நிலம் இல்லாமல் போய்விட்டது.

கடம்பூர் இரவு

கரிகாலன் கொலையில் கேள்வி வேறு வகையானது. அங்கே கல்கி விடையைச் சொல்லாமல் இருப்பதையே உத்தியாகக் கொண்டார். விளக்கு அணைகிறது, இருள் சூழ்கிறது, வெளிச்சம் வரும்போது கரிகாலன் இறந்து கிடக்கிறான். அந்த இருட்டைச் சுற்றி நாவல் பலரை நிறுத்துகிறது. பழியோடு வந்த நந்தினி, மறைந்திருந்த ரவிதாசன் கூட்டம், மனைவி நந்தினியின் மேல் ஐயமுற்று மாறுவேடத்தில் ஒளிந்திருந்த பெரிய பழுவேட்டரையர், உயிரை வெறுத்துவிட்ட கரிகாலனே. பழி சுமத்தப்படுபவன் வந்தியத்தேவன். கொன்றது நானே என்று பின்னர் சிலர் முன்வந்து சொல்கிறார்கள்; அதில் ஒருத்தி, வந்தியத்தேவனைக் காப்பாற்றப் பொய் சொல்லும் மணிமேகலை. பழுவேட்டரையரின் வாக்குமூலமும் வருகிறது. எதை நம்புவது என்பதை ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

இது சான்றுக்கு நேர்மையான வழி. கல்வெட்டு பெயர்களைத் தருகிறது, கையைக் காட்டுவதில்லை, நாவலும் அப்படியே.

திரைக்கு அந்த இருட்டு கிடைக்காது. பல மணி நேரமாகக் கரிகாலனாக விக்ரமையும் நந்தினியாக ஐசுவர்யா ராயையும் ஒருவரை நோக்கி ஒருவர் நடத்தி வந்துவிட்டு, சந்திக்கும் நொடியில் விளக்கை அணைத்தால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். ஆகவே படம் அந்தக் காட்சியை இருவருக்கும் இடையே மட்டும் வைத்து, கரிகாலன் சாவைத் தானே தழுவிக்கொள்வதாக முடிக்கிறது. காதலே அவனைக் கொன்றது என்று அதற்குப் பொருள். உணர்ச்சியில் அது வலுவான காட்சி. ஆனால் 'யார் கொன்றது' என்ற அரசியல் கேள்வி 'ஏன் இறந்தான்' என்ற தனிமனிதக் கேள்வியாக அங்கே மாறிவிடுகிறது. நாவல் வாசகர் இழந்தது விடையை அன்று; சந்தேகத்தை. பெரிய பழுவேட்டரையரின் கடைசிக் கட்டத் துயரமும் இந்த மாற்றத்தில் சுருங்கிவிட்டது. கொன்றவன் தானாக இருக்கலாம் என்று ஒரு கிழவீரன் அவை முன் நின்று சொல்லும் இடத்துக்கு ஈடாகப் படத்தில் எதுவும் இல்லை என்பது என் மதிப்பீடு.

முகம் என்னும் சிக்கல்

நாவலில் ஊமை ராணியும் நந்தினியும் உருவ ஒற்றுமை கொண்டவர்கள் என்பது துளித்துளியாகத்தான் தெரியவருகிறது. ஒருவரைப் பார்த்தவர் மற்றவர் என்று மயங்குகிறார். சுந்தர சோழர் இறந்துபோனவளின் ஆவி என்று நடுங்குகிறார். வந்தியத்தேவன் எங்கோ பார்த்த முகம் என்று குழம்புகிறான். சொற்களால் ஆன முகத்தை எழுத்தாளர் விரும்பும் வரை மூடி வைக்கலாம்.

கேமரா முன் இது நடக்காது. ஒரே நடிகை இரு வேடமும் ஏற்கும்போது, முகம் திரையில் தெரிந்த நொடியில் இரகசியம் உடைகிறது. முதல் பாகத்தின் கடைசியில், கடலுக்குள் மூழ்குபவர்களை நோக்கி நீந்தி வரும் மூதாட்டியின் முகத்தைக் காட்டியதும் அரங்கில் எழுந்த வியப்பு அந்த உடைப்பின் பயன். நாவல் பல நூறு பக்கங்களில் செலவழித்ததைப் படம் ஒரே வீச்சில் செலவழித்தது. அத்துடன், மதுராந்தகனும் அதே தாயின் மகன் என்ற நாவலின் கதையை வைத்திருந்தால் மூன்றாவது முகத்தையும் ஒத்திருக்கச் செய்ய வேண்டியிருக்கும். ஆள்மாற்றத்தைக் கைவிட்டதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. வைத்திருந்தால் எதிர்ப்பட்டிருக்கும் தடைகளில் இதுவும் ஒன்று.

மணிமேகலையும் பூங்குழலியும்

மணிமேகலை படத்தில் இல்லை. நாவலோ அவளுடைய மரணத்தோடுதான் முடிகிறது. வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் பிரிகிறது. கடம்பூர்க் கொலைப் பழி வந்தியத்தேவன் மேல் விழுந்து, அவளுடைய பொய் வாக்குமூலம் வந்து, அவள் சித்தம் கலங்கி என்று ஒரு நீண்ட சங்கிலி அவளுக்காக இருக்கிறது. கொலையைக் கரிகாலனின் சொந்த முடிவாக ஆக்கிய பின் அந்தச் சங்கிலியைக் கோக்க இடமில்லை. ஆகவே அவளுடைய நீக்கம் தனி முடிவு அன்று. கடம்பூர் மாற்றத்தின் தொடர்ச்சி.

பூங்குழலிக்கும் இதே கதிதான். அருள்மொழியின் மேல் நிறைவேறாத காதல் கொண்ட கோடிக்கரைப் பெண், அரண்மனையே வேண்டாம் என்று சேந்தன் அமுதனோடு எளிய வாழ்வைத் தேர்கிறாள். அந்தத் தேர்வின் வழியாகவே அரசியாகிறாள். சேந்தன் அமுதனிடமிருந்து மகுடத்தை எடுத்துவிட்டால் பூங்குழலியின் கதைக்கும் முடிவு போய்விடும். ஒரு நூலை உருவினால் எத்தனை மடிப்பு குலைகிறது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

விவாதம் உண்மை மனிதர்களைத் தொடும்போது

பாத்திரங்களைப் பற்றிய சண்டை பாத்திரங்களோடு நின்றால் கவலையில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் இளவரசன் அருள்மொழி நோய் தீர்ந்து எழுவதை நாவலும் படமும் சொல்கின்றன. அந்த விகாரம் அவர் இராஜராஜனாக ஆண்டபோது ஸ்ரீவிஜய அரசரால் எழுப்பப்பட்டது என்பதை ஆனைமங்கலச் செப்பேட்டால் அறிகிறோம். இது கால வழு, கதைக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

உத்தம சோழன் செய்தி அப்படிப்பட்டதன்று. கரிகாலன் கொலையில் அவனுக்குப் பங்கு இருக்கலாம் என்று கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். கொலை நடந்தது கி.பி. 970ஐ ஒட்டி; உடையார்குடி ஆணை 987ஐ ஒட்டி. இடையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டிருக்கிறான் என்பது அந்த ஐயத்துக்கு வலுவூட்டியது. திருப்புறம்பியத்தில் பிறந்த வரலாற்றறிஞர் தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை மறுத்தார். அண்ணனைக் கொன்றவன் என்று ஐயம் இருந்திருந்தால், இராஜராஜன் தன் மகனுக்கு மதுராந்தகன் என்று அந்தச் சிற்றப்பன் பெயரையே இட்டிருப்பானா என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. உடையார்குடி ஆணை நிலங்களைப் பற்றியது. தண்டனை எப்போது தொடங்கியது என்று அது சொல்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சான்று இவ்வளவு மெலிதாக இருக்கையில், நாவலின் கோழை மதுராந்தகனையும் படத்தின் பொறாமை மதுராந்தகனையும் பார்த்துவிட்டு, ஆண்டு மறைந்த ஓர் அரசனைக் கொலைகாரன் என்று பேசுவது தகாது.

கும்பகோணம்–காரைக்கால் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கோனேரிராஜபுரத்தின் பழைய பெயர் திருநல்லம். செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்த கோயில்களில் அது ஒன்று. அதன் சுவரில், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்கும் சிறு சிற்பம் இருக்கிறது. அதனோடு ஒரு கல்வெட்டும் இருக்கிறது. தம் கணவர் பெயரால் இக்கற்றளியை எடுப்பித்ததை அந்த அரசி அதில் பதிவு செய்கிறாள். அப்போது ஆட்சியில் இருந்த மதுராந்தக தேவரான உத்தம சோழரை, 'தம்முடைய திருமகனார்' என்று அது குறிப்பிடுகிறது.